பியானோ கிர்ரென்கிறதா? முதலில் யன்னலைப் பாருங்கள்

பியானோவில் ஒரு கட்டை அடிக்கும்போது மட்டும் கிர்ரென்று இரைந்தால், உடனே திருத்துபவரைத் தேடாதீர்கள். அறையைச் சந்தேகியுங்கள். ஒருவர் அந்தக் கட்டையையே திரும்பத் திரும்ப அடிக்கட்டும். நீங்கள் அலுமாரிக் கதவு, மேலே வைத்த படச்சட்டம் என ஒவ்வொன்றிலும் கை வையுங்கள். கை பட்டதும் இரைச்சல் நின்றால் கள்ளன் அகப்பட்டான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கிழமை வதைத்தது யன்னலின் தளர்ந்த திறாங்கு!

அறையில் குற்றமில்லையென்றால், உள்ளே தந்தியை அடிக்கும் சிறு சுத்தியல் அதில் படாதபடி கட்டையை மிக மெதுவாக அழுத்துங்கள். அப்போதும் ‘டக்’ என்றால் கோளாறு கட்டையிலோ அதன் பின்னுள்ள பொறியிலோ இருக்கிறது. தந்தி ஒலிக்கும்போது மட்டும் இரைந்தால் தளர்ந்த திருகாணியாக இருக்கலாம், உள்ளே விழுந்த நாணயமாகவும் இருக்கலாம். தந்தியின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான ஒலிப்பலகை வெடித்திருந்தால் அது கைதேர்ந்தவர் வேலை.

மாரி ஈரத்தில் கட்டைகள் இறுகும். கோடையில் மரம் காய்ந்து திருகாணிகள் தளரும். எதுவானாலும் தேங்காய் எண்ணெய் மட்டும் விடவேண்டாம். உள்ளிருக்கும் கம்பளித் துணி அதைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும்.