ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவைச் சினிமா விழாவுக்குக் கூட்டிப்போக

யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா 2015இல் தொடங்கியது. தொடக்கத்தில் நான் தனியத்தான் போவேன். இரவு வந்து அம்மாவுக்குக் கதை சொல்லுவேன். ஒருநாள், "என்னையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போவன் பிள்ளை" என்றா. அவவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். படம் சிங்களமாகவோ பாரசீகமாகவோ இருக்கும், கீழே ஓடும் எழுத்து ஆங்கிலம். முதல் தரம் ஒவ்வொரு வசனமாக அவவின் காதுக்குள் சொன்னேன். முன் கதிரைக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அம்மா கூசிப்போய், "காணும், விடு" என்றிட்டா. அந்தப் பிழையை நீங்கள் விடாதேங்கோ.

கதையை முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கோ, முடிவை மட்டும் விட்டு. ஆர் ஆருக்கு என்ன முறை என்று தெரிந்தால் அவைக்குப் போதும்: "மூத்தவன் கோவிச்சுக்கொண்டு போயிட்டான், தாய் தேடுறா." வசனம் குறைந்த படமாகப் பாருங்கோ. வீடு, வயல், கடல், சின்னப் பிள்ளைகள் வருகிற படங்கள் நல்லம். கோட்டில் வழக்குப் பேசுகிற படம் வேண்டாம். குறும்படங்களைத் தொடர்ந்து போடும் காட்சியும் வேண்டாம்; பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் புது முகங்கள் வந்தால் களைத்துப்போவினம்.

பல்கலைக்கழகக் கைலாசபதி அரங்கு என்றாலும் நகரத் தியேட்டர் என்றாலும் ஓரக் கதிரையைப் பிடியுங்கோ. குளிருக்கு ஒரு சால்வை, சீனி வருத்தம் என்றால் குளிசையும் இரண்டு பிஸ்கற்றும். திரும்பிவர ஓட்டோவைப் பின்னேரமே பேசி வையுங்கோ. இரவில் பஸ்ஸை நம்பேலாது.

சாப்பாட்டுக்கு, இருந்து கதைக்கக்கூடிய கடைதான் வேணும். கொத்துரொட்டி தட்டுகிற சத்தத்துக்குள் ஒன்றும் கேளாது, அதைப் பார்சல் கட்டலாம். வெள்ளிக்கிழமை என்றால் நாங்கள் பெரியகடைப் பக்கம் மலாயன் கபேக்குப் போவோம். சைவம், வாழையிலையில் போடுவினம். நேரத்தோடு முடிகிற காட்சியாக இருந்தால் நல்லம்.

சாப்பிடேக்க நீங்கள் படத்தை விளங்கப்படுத்தத் தொடங்காதேங்கோ. "என்னம்மா கண்டியள்?" என்று மட்டும் கேளுங்கோ. ஒரு ஈரானியப் படம் பார்த்துவிட்டு வந்த இரவு, அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னா: "அந்த மனுசி மூண்டுதரம் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினவ. தான் ஒருக்காலும் குடிக்கேல்லை." எழுத்தை வாசித்துக்கொண்டிருந்த நான் அதைக் காணவேயில்லை.