இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டரைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.ஜி.பி. போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறும்போது திணறினால், காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரை உடனே கழற்றிவிடத் தோன்றும். அதுவே முதல் தவறு. இக்னிஷன் பாயின்ட் இடைவெளி, தீப்பொறி டைமிங், வால்வு இடைவெளி ஆகியவை சரியாக இல்லாத இன்ஜினில் கார்பரேட்டரை எவ்வளவு திருத்தினாலும் பயன் இராது. அவற்றைச் சரிசெய்த பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

1962இல் வெளிவந்த எம்.ஜி.பி.யில், எஸ்.யூ. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஒன்றரை அங்குல எச்.எஸ்.4 கார்பரேட்டர்கள் இரண்டு இருந்தன. இரண்டின் பாகங்களையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவக் கூடாது. கார்பரேட்டருக்குள் காற்றோட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஒவ்வொரு பிஸ்டனும் அதை மூடும் மேல்கூண்டும் தொழிற்சாலையிலேயே இணையாகப் பொருத்தப்பட்டவை. இடம் மாறினால் பிஸ்டன் உரசும், அல்லது இடைவெளி கூடிக் காற்று கசியும். நான் ஒருமுறை அவற்றை மாற்றிப் பூட்டிவிட்டு, காரணம் தெரியாமல் ஒரு வாரம் மிக்ஸ்சரை, அதாவது காற்று-பெட்ரோல் கலவை அளவை, திருகிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து முன் கார்பரேட்டருக்கு ஒரு டப்பா, பின் கார்பரேட்டருக்கு ஒரு டப்பா என்று ஒதுக்கி, கூண்டிலும் உடலிலும் அடையாளக் கோடு போட்ட பிறகே கழற்றுகிறேன். பிஸ்டன் உரசுகிறது என்று எமரி பேப்பர் போடுவது இன்னும் பெரிய கேடு, ஏனெனில் தேய்ந்துபோன உலோகம் திரும்ப வராது. பெட்ரோலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

ரிப்பேர் கிட்டில் வரும் கேஸ்கட்டையும் வாஷரையும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள், காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டில் தட்டின் அச்சான ஸ்பிண்டிலைப் பார்ப்பதில்லை. அதை விரலால் மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், அவ்வழியே காற்று புகுந்து ஐட்லிங் ஒருபோதும் நிலைக்காது. புது ஸ்பிண்டில் போட்டும் ஆட்டம் நிற்கவில்லையென்றால், கார்பரேட்டர் உடலில் உள்ள ஸ்பிண்டில் துளைகளுக்குப் புஷ் (உள்வளையம்) போட வேண்டும். அதற்கான துல்லியமான லேத் பட்டறை ஓசூரில் கிடைக்கும். ஆனால் இருபுறத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் ரீமர் கருவியால் குடையப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் திராட்டில் தட்டு இறுகிக்கொள்ளும். அத்தட்டைப் பிடிக்கும் பிளவு முனைத் திருகாணிகளைப் புதிதாகவே போட்டு, முனையை விரித்துவிட வேண்டும். ஒன்று கழன்றாலும் அது இன்ஜினுக்குள்தான் போகும்.

இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர்களையும் கழற்றி எறிந்துவிட்டு, இத்தாலியத் தயாரிப்பான வெபர் கார்பரேட்டர் ஒன்றைப் போடுவோரும் உண்டு. அதை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டும், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவுகளும் பொருந்தும்வரை உழைக்கத் தயாராக இல்லாதவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்காலக் கையேட்டு மிக்ஸ்சர் அளவை அப்படியே நம்புவதும் தவறு. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், அதே அளவில் எரிபொருள் பங்கு போதாமல் மிக்ஸ்சர் மெலிகிறது. பழைய ரப்பர் வளையங்களும் கெடுகின்றன. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் சரிசெய்த வண்டி, அதில் பாதி உயரமே உள்ள தருமபுரிக்கு இறங்கியதும் மேலும் சற்று மெலிவாக ஓடும். ஆகவே வண்டி வழக்கமாக ஓடும் ஊரிலேயே, இன்ஜின் நன்கு சூடேறிய பின், பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஒரு கணம் கூடி, பின் பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் போனால் பெட்ரோல் குறைவு. ஒவ்வொரு கார்பரேட்டரையும் இவ்வாறு தனித்தனியே பார்க்க வேண்டும்.