காப்பிக்கொட்டை வறுக்க மூக்குதான் அளவு

சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஊன்றிய காப்பி இன்றும் விளைகிறது. ஏற்காடு போனால் வறுக்காத அராபிகா வகைக் காப்பிக்கொட்டை வாங்கி வாருங்கள். ஒரே அளவாகச் சலித்ததாக இருக்க வேண்டும். பெரிதும் சிறிதும் கலந்தால் சிறியது கருகும்போது பெரியது வேகாமல் நிற்கும்.

பத்து அங்குல இரும்பு வாணலிக்கு 200 கிராம் போதும். கறுத்ததையும் ஓட்டை விழுந்ததையும் பொறுக்கிவிட்டு, நடுத்தரத் தீயில் சட்டி காய்ந்ததும் கொட்டி, மரக்கரண்டியால் கை ஓயாமல் கிளறுங்கள். முதல் ஐந்து நிமிடம் வைக்கோல் வாசம். மஞ்சளாகும்போது அது வறுகடலை வாசமாக மாறும். பத்து நிமிடம் வாக்கில் பழுப்பேறிப் புகை கிளம்பும், சருகுத்தோல் பறக்கும். பிறகு சோளம் பொரிவது மாதிரி ‘படக் படக்’ என்று வெடிக்கும். அந்த வெடிப்பு அடங்கியபின் ஒன்றிரண்டு நிமிடம். மெல்லிய சடசடப்பு தொடங்கும் முன்பே இறக்கிவிடுங்கள்.

இந்த வாசத்தை ஒளிக்க முடியாது. மெக்காவில் 1511-லும் இங்கிலாந்தில் 1675-லும் தடை என்றதும் காப்பிக் கடைகள் மேல்தான் பாய்ந்தார்கள். பழைய ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் பிரெடரிக் வறுசட்டியையே பிடித்தார். காப்பிக்குப் போகும் பணம் வெளிநாடு போகிறது என்பது அவர் கவலை. 1781-ல் வறுக்கும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. திருட்டுத்தனமாக வறுப்பவர்களைப் பிடிக்க, ஓய்வுபெற்ற சிப்பாய்கள் தெருத்தெருவாக மோப்பம் பிடித்துத் திரிந்தார்கள். ஒரு வாய் காப்பிக்கு இத்தனை கெடுபிடி அநியாயம். 1786-ல் அரசர் இறந்தபின் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

இறக்கியதும் முறத்தில் கொட்டிப் புடையுங்கள். சருகு போகும், சூடும் தணியும். நாலைந்து நிமிடத்தில் கை பொறுக்க வேண்டும். சட்டியிலேயே விட்டால் உள்சூட்டில் மேலும் வறுபட்டுக் கசக்கும். ஒரு கொட்டையை உடைத்துப் பாருங்கள். மேலே கறுப்பு, உள்ளே வெளிறல் என்றால் தீ அதிகம், டிகாஷன் புளிக்கும். இருபது நிமிடமாகியும் வெடிக்காவிட்டால் தீ போதாது, காப்பி சப்பென்றிருக்கும். 200 கிராம் சுமார் 170 ஆக இறங்கினால் பதம் சரி.

ஒரு நாள் ஆறவிட்டு அரையுங்கள். அன்றே அரைத்தால் உள்ளிருக்கும் வாயுவில் தூள் உப்பி, தண்ணீர் சீராக இறங்காது.

சிக்கரி வேண்டுமென்றால் 80-க்கு 20. காப்பி கைக்கெட்டாத பிரஷ்யாவில் பரவிய மாற்றுச்சரக்கு இது. கூடினால் டிகாஷன் கறுப்பாக இருக்கும், மணம் இருக்காது. பில்டரில் 25 கிராம் தூளை லேசாக அமுக்கி, கொதி அடங்கிய தண்ணீர் 150 மில்லி ஊற்றுங்கள். சொட்டாமல் நின்றால் தூள் மாவாக அரைந்திருக்கும், அல்லது அழுத்தி அமுக்கியிருப்பீர்கள்.

கருப்பட்டி போடுவதானால் தனியே கரைத்து வடிகட்டி, பாலை இறக்கிய பிறகே சேருங்கள். அடுப்பில் இருக்கும்போது சேர்த்தால் பால் திரிந்துவிடும்.