ஸ்கீ போட்டுக்கொண்டு மலை ஏறக் கற்றுக்கொள்வது எப்படி: கைடு ஒருவருடன் ஷமொனியில் ஐந்து நாள்

லிஃப்டில் ஏறிப்போய் ஸ்கீயில் இறங்குவது ஒன்று. லிஃப்டே இல்லாத மலையில், ஸ்கீயின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு நாமே நடந்து ஏறி, மேலே போய் அதை உரித்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இறங்குவது முற்றிலும் வேறொன்று. இதைத்தான் ஸ்கீ மவுண்டனீரிங் என்கிறார்கள். வழியில் பனியாறு (கிளேசியர்) வரும், கயிறு கட்ட வேண்டியிருக்கும், சில இடங்களில் ஸ்கீயைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு பூட்டின் அடியில் கிராம்பான் என்ற இரும்பு முள் சட்டத்தை மாட்டி ஏற வேண்டியிருக்கும். 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் இதைப் போட்டியாகச் சேர்த்தபிறகு நண்பர்கள் பலர் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். அந்த ஓட்டப்பந்தய வகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நிதானமாக, ஒரு கைடைத் தனியாக வைத்துக்கொண்டு, பாதுகாப்பாக ஏறி இறங்கக் கற்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் ஜெனீவாவில் இருக்கிறேன், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலை ஊரான ஷமொனி, அதனால் இடமும் அதுவே.

முதலில், போவதற்கு முன்

ஆல்ப்ஸில் ஸ்கீ பாதைகளுக்கு, எளிதிலிருந்து கடினம்வரை, பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் வைத்திருப்பார்கள். சிவப்புப் பாதையில் எந்தப் பனியிலும் தயக்கமில்லாமல் இறங்க முடியவேண்டும், பாதைக்கு வெளியே மிதிபடாத பனியிலும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இது இல்லாமல் வந்தால் கைடு உங்களுக்கு ஸ்கீ கற்றுக்கொடுப்பதிலேயே நாள் முழுவதும் போய்விடும், அதற்கு ஸ்கீ ஆசிரியரே போதும், செலவும் குறைவு. உடம்பைப் பொறுத்தவரை, முதுகில் 7, 8 கிலோ பையோடு மூன்று மணி நேரம் நிற்காமல் ஏற முடியுமா என்று பாருங்கள். பக்கத்தில் மலை இல்லையென்றால் மாடிப்படி போதும்.

கைடைத் தேர்ந்தெடுப்பது

ஸ்கீ ஆசிரியர் வேறு, மலைக் கைடு வேறு. பிரான்ஸில் பனியாற்றின் மேல் அழைத்துப்போகச் சட்டப்படி மலைக் கைடால் மட்டும்தான் முடியும். அவருடைய சட்டையில் யூ.ஐ.ஏ.ஜி.எம். என்ற சர்வதேச பேட்ஜ் இருக்கும், ஆங்கிலத்தில் அதையே ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்பார்கள். ஷமொனியில் 1821-லிருந்து இயங்கும் கைடுகள் சங்கம் இருக்கிறது, தனியாக வேலை செய்பவர்களும் நிறைய உண்டு. ஒரு நாளைக்கு 400 யூரோவுக்கு மேல் ஆகும், அதோடு அவருடைய லிஃப்ட், சாப்பாடு, மலைக்குடிலில் தங்கினால் அந்தச் செலவும் பெரும்பாலும் உங்களுடையது. உங்கள் அளவுக்கே ஏறக்கூடிய ஒரு நண்பர் இருந்தால் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். உங்களைவிட மிக வேகமானவரையோ மிக மெதுவானவரையோ கூட்டிவராதீர்கள், இரண்டு பேருக்குமே நாள் வீண்.

இவ்வளவு காசு கொடுத்து என்ன வாங்குகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள். கைடு முன்னால் போக, அவர் போட்ட தடத்திலேயே நடந்து உச்சியைத் தொட்டுத் திரும்பினால் அது நல்ல நாள்தான், ஆனால் அடுத்த வாரம் அதே மலைக்கு நீங்கள் தனியாகப் போனால் ஒன்றும் தெரியாது. அதனால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்: எனக்கு உச்சி முக்கியமில்லை, நீங்கள் மனதில் நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள், இடையிடையே என்னை முடிவெடுக்க விடுங்கள். என் கைடு இதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார், பெரும்பாலோர் உச்சியின் பெயரைச் சொல்லித்தான் போன் செய்கிறார்களாம்.

சாமான்

எல்லாமே ஷமொனியில் வாடகைக்குக் கிடைக்கும், முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். பூட் மட்டும் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடந்து பார்த்து எடுங்கள். கணுக்கால் முன்னும் பின்னும் ஆடும்படி விடுவிக்கும் நெம்பு பின்புறம் இருக்கும், அதைத் திறந்தால் நடை, பூட்டினால் இறக்கம். பூட்டை ஸ்கீயோடு சேர்த்துப் பிடிக்கும் பைண்டிங்கில் முன்பக்கம் இரண்டு ஊசிகள் பூட்டின் நுனியைப் பிடித்துக்கொள்ளும், ஏறும்போது குதிகால் தூக்கி இறங்கும். ஏறும்போது முன்நெம்பை மேலே இழுத்துப் பூட்ட வேண்டும், இறங்கும்போது கட்டாயம் தளர்த்த வேண்டும். பூட்டியபடியே இறங்கி விழுந்தால் ஸ்கீ கழலாது, முழங்கால்தான் திரும்பும்.

பனிச்சரிவில் (அவலாஞ்சில்) புதைந்தவரைத் தேடி எடுக்க மூன்று பொருள்: சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும் கருவியான டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பியான புரோப், மண்வாரி. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

முதல் நாள்: ஸ்கின்னும் திருப்பமும்

லெ தூர் கிராமத்துக்கு மேலே தொடங்கினோம். அங்கே போகும் வழியில் மோன்ரோக் என்ற சிற்றூர் வரும், 1999 பிப்ரவரி 9-ஆம் தேதி எதிர்மலையிலிருந்து வந்த பனிச்சரிவு அங்கே வீடுகளோடு 12 பேரைக் கொண்டுபோனது. கைடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தச் சரிவைத்தான் முதலில் காட்டினார். அப்புறம்தான் ஸ்கின்னை வெளியே எடுக்கச் சொன்னார்.

ஸ்கின் என்பது ஸ்கீயின் நீளத்துக்கு ஒரு பட்டை, ஒரு பக்கம் பசை, மறுபக்கம் ரோமம். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டும் இல்லையா, அதேதான். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் சறுக்கப்போனால் பிடித்துக்கொள்ளும். முன்பு உண்மையான சீல் தோலில் செய்தார்கள், இன்று நைலானும் மோஹேர் என்ற ஆட்டு ரோமமும் வந்தபிறகும் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சீல் தோல் என்றே சொல்கிறார்கள். ஒட்டுவதற்கு முன் ஸ்கீயின் அடியை உள்ளங்கையால் துடைத்து ஈரமில்லாமல் செய்யுங்கள். முன் கொக்கியை மாட்டி, நடுவாக வைத்து, நுனியிலிருந்து வால்வரை கையால் அழுத்திக்கொண்டே போங்கள். பசையில் ஒரு விரல் அளவு பனி பட்டாலும் அந்த இடத்தில் ஒட்டாது, கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே உரிய ஆரம்பிக்கும்.

நடக்கும்போது ஸ்கீயைத் தூக்காதீர்கள். பனியோடு இழுத்துச் சறுக்கவிடுங்கள். ஒவ்வொரு காலடியிலும் ஸ்கீயைத் தூக்கினால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போகும். சறுக்கி விழுவோமோ என்று முன்பக்கம் குனிவது எல்லோருக்கும் வரும், ஆனால் குனிந்தால் குதிகாலிலிருந்து எடை விலகி ஸ்கின்னின் பிடி விட்டுவிடும். நேராக நின்று பாதத்தின் நடுவில் எடையை வையுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம், ஆரம்பத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறினால் தாராளம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், கதகதப்பாகக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் வியர்த்து, நின்றதும் உறைந்துபோவீர்கள்.

சரிவு செங்குத்தானதும் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் கிக் டர்ன், அதாவது நின்ற இடத்திலேயே ஒவ்வொரு காலாகத் திசை மாற்றுவது. நான் அன்று மத்தியானம் முழுவதும் இதையே செய்தேன். வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், மலை உங்கள் இடப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிற்கும் இடத்தை மிதித்துச் சமமாக்குங்கள். கையிலிருக்கும் இரண்டு போலையும் (ஸ்கீ ஊன்றுகோல்) நன்றாக ஊன்றுங்கள். மேற்பக்கக் காலை, அதாவது இடது காலை, திரும்பவேண்டிய திசைக்கு முழுவதுமாகத் திருப்பி வைத்து, எடையை அதன் மேல் மாற்றி, ஒரு மூச்சு விடுங்கள். இந்த மூச்சுதான் முக்கியம், அவசரப்படுபவர்கள் எல்லோரும் இங்கேதான் விழுகிறார்கள். பிறகு வலது காலைத் தூக்கி, குதிகாலைப் பின்னால் ஸ்கீயை நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் நுனி தானாக மேலெழும், அந்த நொடியில் முழங்காலை வெளிப்பக்கம் திறந்து சுற்றிக் கொண்டுவாருங்கள். இருபதாவது முறையில் கால் புரிந்துகொள்ளும்.

சரிவு இறுகி ஐஸாகத் தெரிந்தால், ஸ்கீயில் மாட்டும் முள் தகடான ஸ்கீ கிராம்பானை அங்கே போவதற்கு முன்பே, சமதரையில் மாட்டிவிடுங்கள். ஐஸின் நடுவில் நின்றுகொண்டு பையைத் திறக்க முடியாது.

இரண்டாம் நாள்: மாற்றமும் தேடலும்

மேலே போனதும் நடையிலிருந்து இறக்கத்துக்கு மாறுவதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் அதையே செய்யுங்கள். முதலில் ஜாக்கெட், அப்புறம் ஹெல்மெட், பிறகு ஒரு ஸ்கீயைக் கழற்றி ஸ்கின் உரித்து மாட்டிவிட்டுத்தான் மறு ஸ்கீ. இரண்டையும் ஒன்றாகக் கழற்றிக் கீழே வைத்தால் ஒன்று பள்ளத்தாக்குக்குப் போய்விடும். மறுபடி ஏறவேண்டிய நாளில் ஸ்கின்னைப் பையில் போடாமல் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வையுங்கள், பசை சூடாக இருந்தால்தான் இரண்டாவது முறை ஒட்டும். நான் ஒருமுறை பையின் வெளிப் பாக்கெட்டில் வைத்தேன், உறைந்த பசை ஒட்டவேயில்லை, டேப் சுற்றித்தான் மிச்ச ஏற்றத்தை முடித்தோம்.

டிரான்ஸீவர் எல்லாம் உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் வேலை செய்யும், எந்த பிராண்டும் எதையும் கண்டுபிடிக்கும். போனை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. கைடு ஒரு டிரான்ஸீவரைப் பைக்குள் போட்டுப் புதைத்துவிட்டு என்னைத் தேடவைத்தார். அவர் சொன்னது இதுதான்: கருவியின் திரையில் தெரியும் அம்புக்குறியின் பின்னால் வேகமாகப் போ, தூரம் காட்டும் எண் 3 மீட்டருக்கு வந்ததும் கருவியைப் பனியோடு ஒட்டித் தாழ்த்து, குறுக்கும் நெடுக்குமாக மிக மெதுவாக நகர்த்தி மிகச் சின்ன எண்ணைக் கண்டுபிடி, அங்கிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிப் புரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்கு. ஏதாவது தட்டினால் புரோப்பை உருவாதே, அதன் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டு. புதைந்தவருக்கு முதல் பத்து பதினைந்து நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. எனக்கு முதல் தடவை பதினொரு நிமிடம் ஆனது, அதில் ஏழு நிமிடம் தோண்டியதற்கே. மீட்புக்கு எண் 112. ஹெலிகாப்டர் வருவதற்குள் தோண்டவேண்டியது கூட இருப்பவர்தான், அதனால் இந்தப் பயிற்சியை மூன்று நான்கு முறை கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

மூன்றாம் நாள்: பனியைப் படிப்பது

காலையில் காபிக்கு முன் பிரெஞ்சு வானிலை அமைப்பான மெத்தியோ ஃபிரான்ஸின் பனிச்சரிவு அறிக்கை. ஐரோப்பா முழுவதும் 1 முதல் 5 வரை ஆபத்தின் அளவு. 4, 5 என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். 3 இருக்கும் நாளில்தான் நிறைய பேர் சாகிறார்கள், நடுவில் இருப்பதால் பாதி ஆபத்து என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. எண்ணோடு நிறுத்தாமல் எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், காற்று எங்கிருந்து அடித்தது என்பதையும் படியுங்கள்.

பலகைபோல வழுக்கி வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேலான சரிவில்தான் புறப்படும். பிரெஞ்சு அரசின் இணைய வரைபடத்தில் 30 டிகிரி முதல் மஞ்சள், 35 முதல் ஆரஞ்சு, 40 முதல் சிவப்பு, 45-க்கு மேல் ஊதா என்று வண்ணம் பூசியிருப்பார்கள். மலையில் நிற்கும்போது இரண்டு போல் போதும். ஒரு போலைக் கைப்பிடி கீழ்ப்பக்கம் இருக்கும்படி சரிவின் போக்கிலேயே படுக்கவைத்து அழுத்தி அச்சு பதியுங்கள். நுனியை மேல் அச்சிலேயே வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்குங்கள். அதே நீளமுள்ள இன்னொரு போலை அந்தக் கைப்பிடியிலிருந்து தொங்கவிட்டு, அதன் அடி பனியைத் தொடும் அளவுக்கு முதல் போலை இறக்குங்கள். அது கீழ் அச்சிலேயே தொட்டால் சரியாக 30 டிகிரி. அச்சுக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் தள்ளித் தொட்டால் சுமார் 3 டிகிரி கூட.

அன்று ஒரு சின்னக் கணவாய்க்கு 80 மீட்டர் கீழே கைடு நின்று, நீங்கள் சொல்லுங்கள், போகலாமா என்றார். போகலாம் என்றேன். ஏன் என்றார். மேலே தடம் இருக்கிறது, யாரோ போயிருக்கிறார்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் போலைத் தலைகீழாகக் கொடுத்துப் பனியில் இறக்கச் சொன்னார். ஒரு முழம்வரை கெட்டியாகப் போனது, அப்புறம் சர்க்கரை மூட்டையில் கைவிட்டதுபோல் சட்டென்று உள்ளே போய்விட்டது. காற்று கொண்டுவந்து கொட்டிய கெட்டிப் பலகை மேலே, ஒட்டாத சர்க்கரைப் பனி கீழே. சரிவை அளந்தோம், 34. தடம் நேற்றையது, காற்று ராத்திரி அடித்தது. திரும்பினோம். ஐந்து நாளில் நான் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைத்தது அந்த இடத்தில்தான். உங்கள் கைடு திரும்பலாம் என்றால் முகம் சுளிக்காமல் காரணத்தைக் கேளுங்கள், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள்: பனியாறு

எகுய் து மிடி கேபிள் கார் 3,777 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கே ஐஸில் குடைந்த குகையை விட்டு வெளியே வந்ததும் இருபக்கமும் விழும் ஒரு குறுகிய பனி முகடு, அதில் கயிறு கட்டி, கிராம்பானோடு இறங்கிப் பிறகுதான் ஸ்கீ. கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் ஹார்னஸைக் கேபிள் காரில் ஏறும் முன்பே போட்டுவிடுங்கள். அங்கிருந்து பனியாற்றின் மேல் போகும் வாலே பிளான்ஷ் என்ற இறக்கம் சுமார் 20 கிலோமீட்டர், பனிப்பிளவுகள் பல இடங்களில் மெல்லிய பனியால் மூடிக் கிடக்கும், அதனால் கைடின் தடத்தை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள், அவர் நிற்கச் சொன்ன இடத்திலேயே நில்லுங்கள். கயிற்றில் விழுந்தவரைத் தூக்கும் முறையை ஒரே நாளில் கற்க முடியாது. கப்பி அமைப்பை ஒருமுறை காட்டச் சொல்லி, வீட்டில் மாடிப்படிக் கம்பியில் கட்டிப் பழகுங்கள்.

ஐந்தாம் நாள்: உங்கள் திட்டம்

முந்தைய இரவே வரைபடத்தை விரித்து நீங்களே பாதையைப் போடுங்கள், கைடு உங்கள் பின்னால் வரட்டும். நான் தேர்ந்தெடுத்தது க்ரோஷு, பெரார் என்ற இரண்டு கணவாய்களைக் கடக்கும் வழி, முதல் நீள நாளுக்கு எல்லோரும் போவது. ஃப்ளெஜேர் லிஃப்டில் ஏறி, இண்டெக்ஸ் நாற்காலி லிஃப்டின் மேல்முனையிலிருந்து ஸ்கின் ஒட்டி, 2,701 மீட்டர் க்ரோஷு கணவாய். அங்கிருந்து கொஞ்சம் இறங்கிக் குறுக்கே போய், மறுபடி ஸ்கின் போட்டு பெரார் கணவாய் ஏறினால், அப்புறம் நீண்ட பள்ளத்தாக்கு வழியாக லெ புயே ஊர்வரை இறக்கம்தான். எத்தனை மணிக்குக் கணவாயில் இருக்கவேண்டும், எத்தனை மணியைத் தாண்டினால் திரும்பவேண்டும் என்று எழுதிக் கைடிடம் கொடுங்கள். வசந்தகாலத்தில் வெயில் படும் சரிவு மதியத்தில் கனத்துவிடும், அதனால் இந்த மணிக்கணக்கில் சலுகை கிடையாது. கைடு என் தாளில் ஒரே ஒரு இடத்தைத் திருத்தினார்: இரண்டாவது ஸ்கின் ஒட்டலுக்கு நான் நேரமே ஒதுக்கவில்லை.

லெ புயேயிலிருந்து ஷமொனிக்கு ரயில் உண்டு, அடிக்கடி இல்லை, நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். டிரான்ஸீவரைக் காலையில் அறையிலேயே ஆன் செய்தவர் ரயில் நிலையத்துக்கு வந்தபிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும். இரவு ஸ்கின்னை அறையின் காற்றில் தொங்கவிட்டு உலர்த்துங்கள், ஹீட்டர் மேல் போட்டால் பசை உருகி ரோமத்தில் ஏறிவிடும். சீசன் முடிந்ததும் டிரான்ஸீவரின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.