ஆப்பிள் பை: பழம் வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

மாவு ஓட்டுக்குள் ஆப்பிள் பூரணம் வைத்து ஓவனில் சுடும் பலகாரம்தான் ஆப்பிள் பை. அது நன்றாக ஆறிய பிறகுதான் வெட்டியிருப்போம். ஆனாலும் கத்தி மேலோட்டைத் தாண்டி இறங்கியதும் உள்ளே பழத்துண்டே தட்டுப்படாது. சாறு தட்டெல்லாம் ஓடும், அடிமாவு ஊறிக் கிடக்கும். மாவு பிசைந்ததில்தான் கோளாறு என்று உடனே நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு பழத்தில் இருக்கும்.

கடித்துப் பார்த்து, ருசியாக இருக்கிறதே என்று வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பச்சையாகத் தின்னும்போது இருக்கும் ருசி வேறு, ஓவனில் முக்கால் மணி நேரம் வெந்தபின் இருக்கும் ருசி வேறு. ஆப்பிளின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். சூட்டில் அது கரையக் கரையப் பழம் குழையும். எவ்வளவு சீக்கிரம் குழையும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ரெட் டெலிஷியஸ் பார்க்க அத்தனை அழகு, ஆனால் புளிப்பே கிடையாது. வெந்தால் வெறும் தித்திப்பும் மாவு மாதிரியான சதையும்தான் மிஞ்சும். மெக்கிண்டாஷ் வாசனையில் அருமையான பழம், ஆனால் சட்டென்று கூழாகிவிடும். கிரானி ஸ்மித்தை வெறும் வாயில் கடித்தால் பல் கூசும். அதே பழம் சர்க்கரையோடு வெந்து வரும்போது துண்டும் நிற்கும், புளிப்பும் நிற்கும்.

அதற்காகப் புளிப்பாக இருந்தாலே துண்டு நிற்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. இங்கிலாந்தின் பிராம்லி கடும் புளிப்பு, ஆனால் வெந்தால் பஞ்சு போலப் பொங்கிக் கரைந்துவிடும். அங்கே அந்தக் குழைவான பூரணத்தை விரும்பியே அதைப் போடுகிறார்கள். நமக்கு என்ன பதம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நிறத்தை நம்புவதும் தவறுதான். பிரேபர்ன் சிவப்பு, ஆனால் புளிப்பும் உறுதியும் உள்ள நல்ல பை பழம். முட்சு பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், இனிப்புதான் தூக்கல்.

அப்புறம், ஒரே ரகத்தில் பை முழுவதையும் முடிப்பது. கிரானி ஸ்மித் மட்டும் போட்டால் புளிப்பு இருக்கும், வாசனை குறையும். மூன்றில் இரண்டு பங்கு கிரானி ஸ்மித், ஒரு பங்கு கோல்டன் டெலிஷியஸ் அல்லது ஜோனாகோல்ட் என்று கலப்பதுதான் எனக்குப் பிடித்த கணக்கு. குழையும் ரகம் ஆசையாக இருந்தால் ஒரே ஒரு பழத்தை மெல்லிசாகச் சீவிச் சேருங்கள். அது கரைந்து மற்ற துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

ரகம் சரியாக இருந்தும் பை சொதப்புகிறதா? பழத்தின் வயதைப் பாருங்கள். ஆப்பிளைக் குளிரூட்டிய கிடங்கில் மாதக்கணக்கில் வைக்க முடியும். வைக்க வைக்கப் புளிப்பும் உறுதியும் இறங்கும். கையில் கனமாக, விரலால் அழுத்தினால் அமுங்காமல், காம்பைச் சுற்றித் தோல் சுருங்காமல் இருக்க வேண்டும்.

சர்க்கரை அளவை மட்டும் குறிப்பில் உள்ளபடியே போடாதீர்கள். ஹனிகிரிஸ்ப் துண்டு குழையாது, நல்ல பழம்தான். ஆனால் கிரானி ஸ்மித்துக்குச் சொன்ன சர்க்கரையை அதற்குப் போட்டால் திகட்டும். சர்க்கரையைக் குறைத்து எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்.

பழக்கமில்லாத ரகம் கையில் கிடைத்தால் முழு பையையும் அதை நம்பிச் செய்ய வேண்டாம். அரை அங்குலத் தடிமனில் நாலைந்து துண்டு நறுக்கி, ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு மூடிபோட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் வையுங்கள். மூடியைத் திறந்து பல்குச்சியால் குத்துங்கள். குச்சி தடையில்லாமல் இறங்கி, துண்டின் ஓரம் கூர்மையாகவே இருந்தால் அந்தப் பழம் பைக்கு ஆகும். கரண்டி பட்டதுமே உடைகிறதா, அதை ஆப்பிள் சாஸுக்கு ஒதுக்கிவிடுங்கள்.