கறள் கூரையின் அடியில்தான் பிடிக்கும்

ஆடி மாத மாலையில் யாழ்ப்பாணம் முற்றவெளிப் பக்கம் ஒரு மணிநேரம் நின்றுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள், துணி பிசுபிசுக்கும். கடனீரேரியைத் தடவிக்கொண்டு வரும் சோளகக் காற்றின் உப்பு அது. பொதுச் சதுக்கத்தில் உருக்குத் தூண் நட்டு நிழற்கூரை போடுகிறவர்கள் இதை மறந்துவிட்டு மழையை நினைத்தே திட்டம் போடுகிறார்கள்.

கூரையின் மேற்புறத்துக்கு நல்ல பூச்சும் அடிப்புறத்துக்கு ஏனோதானோவென்று ஒரு பூச்சும் அடிப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை. மேலே படியும் உப்பை மாரி மழை கழுவிவிடும். அடியில், தகர மடிப்பிலும் மூட்டுச் சந்துகளிலும் மழை படாது. அங்கே தங்கும் உப்பு ஒவ்வோர் இரவும் ஈரத்தை இழுத்து உருக்கைத் தின்னும். அடிப்புறத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழுவ வேண்டும், அதுவும் நன்னீரால். சவர்க் கிணற்று நீரை அடித்துப் பயனில்லை.

அடுத்தது, கறள் பிடிக்காமலிருக்க உருக்கை உருகிய துத்தநாகத்தில் தோய்த்த பிறகு வெல்டிங் செய்வது. அந்தச் சூட்டில் பூச்சு எரிந்துபோகும். மேலே வெள்ளிப் பெயின்ற் தடவினால் பழைய காப்பு திரும்பாது. வெட்டு, துளை, வெல்டிங் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தோய்த்து, சதுக்கத்தில் போல்ட் பூட்டி இணைப்பதே முறை. 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த உருக்குக்கு, இந்தப் பூச்சுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 1461 கேட்பது சராசரி 85 மைக்ரோன் தடிப்பு (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கடுமையான கடலோரச் சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரோன் வரை கரையும். கணக்கை நீங்களே போடுங்கள்; அதன்மேல் பெயின்ற் ஏன் தேவை என்பது விளங்கும்.

தூணின் பாதத்தைத் தரையோடு தரையாக வைத்து, சுற்றி ஓடு பதித்து அழகு பார்ப்பதும் நடக்கிறது. அப்படி நின்ற ஒரு தரிப்பிடத் தூணில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து அழுத்தினேன். பப்படம்போல் நொறுங்கி உள்ளே போனது. மேலே பெயின்ற் பளபளவென்று இருந்தது! ஒரு சாண் உயரத்துக்குக் கொங்கிரீட் பீடம் எழுப்பி, தண்ணீர் வழியச் சரிவு கொடுத்திருந்தால் போதும்.

காற்றைப் பொறுத்தவரை, சுவரில்லாத கூரையை அது அடியிலிருந்து தூக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வடபகுதியையும் விட்டுவைக்கவில்லை. இங்கே கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். ‘கல் வந்துவிட்டது, போதும்’ என்று அத்திவாரத்தை நிறுத்துகிறார்கள். பாரம் தாங்க அது போதும். தூக்கும் காற்றுக்கு எதிரே பிடித்துநிற்க அத்திவாரத்தின் எடையோ, பாறைக்குள் இறங்கிய நங்கூரக் கம்பியோ வேண்டும்.

கடைசியாகப் பீலி. மழைநீர்க் குழாயைத் தூணுக்குள் ஒளித்து வைப்பதுதான் இப்போதைய நாகரிகம். உள்ளே அடைத்தால் வெளியே தெரியாது. தூண் உள்ளிருந்தே கறள் பிடிக்கும். குழாயை வெளியே விடுங்கள். வேப்பஞ்சருகு அடைத்தால் ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடலாம்.