ஆவணக் காப்பகத்துக்கு சர்வர் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் கூப்பிட்டார்கள், ஒருவர் தென்காசி, ஒருவர் வள்ளியூர், ஒருவர் இங்கே பாளையங்கோட்டை. மூவருக்கும் ஒரே கேள்வி: “அண்ணாச்சி, பழைய ஃபைல் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணப் போறோம், 40 டிபி (டெராபைட்) போதுமா?” ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு அலைந்தவன், அதனால்தான் எழுதுகிறேன். யூபிஎஸ், ஏசி விஷயமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

டிபியை மட்டும் எண்ணுவது

நான் மாட்டியது ஒரு கல்வி நிறுவனத்தில். அறுபது எழுபது வருடத்து மாணவர் பதிவேடுகள், மதிப்பெண் பட்டியல்கள். தேவை 11 டிபி. 8 டிபி டிஸ்க் நான்கை ரெய்டு 5-இல் (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தாங்க ஒரு டிஸ்க் அளவு இடத்தை ஒதுக்கும் முறை) போட்டு 24 டிபி கொடுத்தேன், இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே என்ற தைரியம். ஐந்து பேர் உட்கார்ந்து சோதித்தோம், கேட்ட பக்கம் கேட்டவுடன் வந்தது.

அப்புறம் மே மாதம் வந்தது. பிளஸ் டூ ரிசல்ட், அட்மிஷன், சான்றிதழ் நகல் கேட்டு கவுண்டர் முழுக்கக் கூட்டம், உள்ளே 60 பேர் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள். ஒரு அம்மாவின் திரையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது ஓரத்தில் ஒவ்வொரு பக்கத்தின் குட்டிப் படமும் வர வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டங்கள், ஒன்று நிரம்பி அடுத்தது நிரம்புவதற்குள் அவர் மவுஸை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். “சார், காலையிலிருந்து சுத்திக்கிட்டேதான் இருக்கு” என்றார். கவுண்டருக்கு வெளியே மகளின் நகலுக்காக வந்த பெரியவர் ஒருவர் பத்து மணியிலிருந்து நிற்கிறார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. மெஷினுக்கு வலு போதவில்லை என்று ரேமை இரண்டு மடங்காக்கி, இன்னொரு பிராசசரும் வாங்கிப் போடச் சொன்னேன். ஒன்றரை லட்சம் போனது, ஒரு விநாடிகூடக் குறையவில்லை. பிராசசர் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் சும்மா கிடந்தது. ஒவ்வொருவரும் கேட்டது வேறு வேறு வருடத்துப் பழைய ஃபைல், இதற்கு முன் யாரும் திறக்காதது. அதனால் ரேமில் எதுவும் தயாராக இல்லை, எல்லாம் டிஸ்க்கிலிருந்துதான் வர வேண்டும். நான்கு டிஸ்க்கின் விளக்கும் மின்னாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கணக்கு இதுதான். ஓர் ஆவணம் 40 பக்கம். திறந்ததும் 40 குட்டிப் படம், முதல் 10 பக்கம், ஆக 50 ஃபைல். ஃபைல் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை என்று வைத்தால் 100 படிப்பு, அதாவது டிஸ்க்கை 100 தடவை படிக்க வேண்டும். 60 பேர், ஆளுக்குப் 15 விநாடிக்கு ஓர் ஆவணம் என்றால் விநாடிக்கு 400 படிப்பு. நிமிடத்துக்கு 7200 சுழற்சி கொண்ட சாட்டா டிஸ்க் (சாதாரண ஹார்ட் டிஸ்க்) ஒன்று இப்படிச் சிதறிய சின்னப் படிப்புகளை விநாடிக்கு 80 சொச்சம்தான் தரும். நான்கும் சேர்ந்து 320. இதில் ஒரு பக்கம் ஸ்கேனிங் வேறு நடக்கிறது, ரெய்டு 5-இல் சின்னதாக ஒரு தடவை எழுதவே டிஸ்க்குகள் நான்கு தடவை படித்து எழுத வேண்டும்.

மழைக்காலத்தில் பேப்பரை எடுத்தால் நாம் முதலில் பார்ப்பது பாபநாசம் அணை எத்தனை அடி என்றுதான். 143 அடியும் நிரம்பி நிற்கட்டும், கடைமடை வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு கொண்டுவந்து சேர்க்கிறது என்பதில்தான் நெல் இருக்கிறது.

கடைசியில் இரண்டு எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் எழுதும் டிஸ்க்) ஒன்றுக்கொன்று நகலாகப் போட்டு டேட்டாபேஸ், தேடல் இன்டெக்ஸ், குட்டிப் படங்கள் மூன்றையும் அங்கே மாற்றினேன். சாட்டா எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல்லாயிரம் படிப்பு தரும். பக்கப் படங்கள் பழைய டிஸ்க்கிலேயே இருந்தன. செலவு அந்த ஒன்றரை லட்சத்தில் பாதிகூட இல்லை.

எனவே சராசரி நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கூட்டம் அதிகமான நாளில் அதிகமான பத்து நிமிடத்தை எடுங்கள். உங்கள் இடத்தில் அது முகூர்த்த நாளாக இருக்கலாம், மாதக் கடைசியாக இருக்கலாம், கவுண்டரில் இருப்பவரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

பக்க அளவை ஊகிப்பது

ஏ4 தாளை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கலரில் எடுத்தால் சுருக்காமல் 26 எம்பி. டைப் அடித்த தாளைக் கறுப்பு வெள்ளையில் ஜி4 முறையில் சுருக்கினால் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறீர்கள் என்பது அலமாரியைப் பார்த்தால்தான் தெரியும். மை ஊறிய தாள், முத்திரை, பென்சில் குறிப்பு இருந்தால் கலர் வேண்டும். 500 தாளை உருவி எடுத்து ஸ்கேன் செய்து பாருங்கள், அரை நாள் வேலை.

ஓசிஆரைப் பகலில் ஓட்டுவது

ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் இந்த வேலையை ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஓட விடுங்கள்.

ஐநோடை மறப்பது

லினக்ஸின் ஃபைல் அமைப்பான ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபிக்கு ஓர் ஐநோடுதான் (ஒரு ஃபைலின் விவரத்தை வைக்கும் இடம், ஃபைலுக்கு ஒன்று வேண்டும்) ஒதுக்கும். 5 கேபி குட்டிப் படங்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தால் இடம் ஏறக்குறைய பாதி காலியாக இருக்கும்போதே “இடமில்லை” என்று வரும். ஃபார்மட் செய்யும்போதே ஐநோடு எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தரைத்தளத்தில் வைப்பது

2023 டிசம்பர் 17, 18-இல் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடிக்கு ஏற்றுங்கள்.

ரெய்டை பேக்கப் என்று நினைப்பது

இல்லை.

திரும்ப எடுக்க ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதது

பேக்கப் இருக்கிறது, சரி. 20 டிபியை ஒரு கிகாபிட் கேபிளில் திரும்பக் கொண்டுவர, விநாடிக்கு 110 எம்பி குறையாமல் வந்தாலும் 50 மணி நேரம். சின்ன ஃபைல்கள் என்றால் அந்த வேகமும் வராது. இரண்டு மூன்று நாள் கவுண்டரை மூட அந்த அலுவலகத்தால் முடியுமா என்று வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். முடியாது என்றால் 10 கிகாபிட் கார்டும் இரண்டாவது மெஷினும் முதல் கொட்டேஷனிலேயே இருக்க வேண்டும்.